யாருக்கு இந்தக் குளிசை?
கர்ப்பகாலமும் வலிநிவாரணிகளும்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற மகளிர் சுகாதாரக் கருத்தரங்கில், பழைய மாணவியான மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றது பேச்சுப் போட்டிக்காக. பாடமாக்கியதில் பாதியை மறந்துவிட்டு இறங்கினேன். இன்று பாடமாக்கி வரவில்லை. நாற்பது வருடங்கள் மருந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்று அறிந்ததையே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அது என்னுடைய குற்றம்.

ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன், ஒரு மாலை நேரம். கடையில் நல்ல சனம். ஓர் இளம் குடும்பத்தர் வந்து, "மிஸ், வீட்டில முதுகுநோ. ஒரு நல்ல குளிசை தாங்கோ" என்றார். கையில் வைத்தியரின் துண்டு இல்லை. அப்படித் துண்டில்லாமல் கொடுப்பது சரியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தேன். டைக்குளோபெனாக், நாளுக்கு இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாட்டுக்குப் பிறகு என்று இரண்டு தரம் சொன்னேன். "யாருக்கு?" என்று ஒரு தரமும் கேட்கவில்லை. வீட்டில் என்றால் தாயாராக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது. முதுகுநோ அவருடைய மனைவிக்கு. அவ ஏழு மாதக் கர்ப்பிணி. குளிசை நோவைக் குறைத்ததால் முடிந்ததும் இன்னொரு கடையில் வாங்கித் தொடர்ந்திருக்கிறார்கள். கிளினிக்கில் வயிற்றின் உயரம் போதாதென்று ஸ்கான் எடுத்தபோது, பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீர் குறைந்துபோயிருந்தது. "என்ன மருந்து எடுத்தனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அவர் கேட்க வேண்டி வந்திராது.

குளிசையை நிறுத்தினார்கள். சில நாட்களில் நீர் மீண்டும் கூடியது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. நான் தப்பினேன். ஆனால் அன்றிலிருந்து, யார் வந்து எந்த நோவுக்கு மருந்து கேட்டாலும் என் வாயிலிருந்து வரும் முதற் சொல் "யாருக்கு?" என்பதுதான். இந்த உரையின் தலைப்பும் அதுவே.

சரி, முதுகுநோவுக்கு எடுத்த குளிசை பிள்ளையின் நீரை எப்படிக் குறைத்தது?

உயிரியல் பாடத்தில் சூல்வித்தகம் என்று படித்தோம். தாயின் குருதியும் பிள்ளையின் குருதியும் அங்கே கலப்பதில்லை என்று எழுதிப் புள்ளியும் வாங்கினோம். அது உண்மை. ஆனால் குருதி கலக்காவிட்டாலும் ஒட்சிசனும் உணவும் கடக்கின்றன. அதே வழியால் அநேகமான மருந்துகளும் கடக்கின்றன. தாய் விழுங்கும் குளிசையில் ஒரு பங்கைப் பிள்ளையும் எடுக்கிறது.

ஒரு காலத்தில் மருத்துவ உலகமே சூல்வித்தகத்தை ஒரு மதில் போல எண்ணியிருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தது தலிடோமைட். 1957இல் மேற்கு ஜேர்மனியில் பாதுகாப்பான தூக்க மருந்து என்று விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் சத்திக்கும் கொடுக்கப்பட்டது. கைகால்கள் வளராத குழந்தைகள் பிறந்தார்கள். ஜேர்மனியில் வைத்தியர் லென்ஸும் அவுஸ்திரேலியாவில் வைத்தியர் மக்பிறைட்டும் 1961இல் எச்சரித்த பிறகே மருந்து மீளப்பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள்.

ஐக்கிய அமெரிக்கா அந்தப் பேரழிவிலிருந்து பெரும்பாலும் தப்பியது. அங்கே மருந்து அனுமதி கேட்டு வந்த கோவை, பிரான்ஸஸ் கெல்சி என்ற பெண் அதிகாரியின் மேசைக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. தந்த தரவுகள் போதாது, இன்னும் காட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நிறுவனம் எவ்வளவு நெருக்கியும் கையெழுத்திடவில்லை. 1962இல் ஜனாதிபதி கெனடி அவருக்கு விருது வழங்கினார். "ஏன், எப்படி?" என்று விடாமல் கேட்டதற்காக நாங்கள் சில பேர் இந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறோம். ஒரு நாட்டின் குழந்தைகளைக் காப்பாற்றியது அதே குணந்தான்.

தலிடோமைட் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. பிள்ளைக்குக் கைகால் உருவாகும் அந்தச் சில நாட்களில் தாய் எடுத்த மருந்துதான் கைகாலைப் பாதித்தது. கருத்தரித்து ஏறக்குறைய 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையான காலம் அது. அநேகமான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பது அப்போதுதான் தெரியவரும். ஆகவே "யாருக்கு?" என்பதற்கு அடுத்த கேள்வி, "எத்தனையாவது கிழமை?" என்பது.

இப்போது என் முதுகுநோக் குளிசைக்குத் திரும்புகிறேன்.

டைக்குளோபெனாக், இபியூபுரூபென், மெபனமிக் அசிட், நப்ரொக்ஸென், இந்தோமெதசின், வழமையான அளவு அஸ்பிரின் ஆகிய யாவும் ஒரே குடும்பம். உடம்பில் புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. நோவையும் வீக்கத்தையும் கூட்டுவது அந்தப் பொருள். ஆகவே அதைத் தடுத்தால் நோ குறைகிறது. அஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை 1971இல் ஜோன் வேன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தாய்க்கு நோவைத் தரும் அதே பொருள் வயிற்றிலுள்ள பிள்ளைக்கு இரண்டு வகையில் தேவைப்படுகிறது.

ஒன்று, சிறுநீரகத்துக்கு. ஏறக்குறைய 20 கிழமைக்குப் பிறகு பிள்ளையைச் சுற்றியுள்ள பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீரே. புரொஸ்ரகிளாண்டின் குறைந்தால் பிள்ளையின் சிறுநீரகத்துக்குப் போகும் குருதி குறையும், சிறுநீர் குறையும், பனிக்குட நீரும் குறையும். அந்த நீரில்தான் பிள்ளை அசைகிறது. அதை உள்ளிழுத்து வெளிவிட்டுத்தான் நுரையீரல் வளர்கிறது. தொப்புள்கொடி நசிபடாமல் காப்பதும் அதுவே. பெரும்பாலும் பல நாட்கள் தொடர்ந்து எடுத்த பிறகே நீர் குறைகிறது. சிலருக்கு 48 மணித்தியாலங்களிலேயே குறைந்திருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

மற்றது, இதயத்துக்கு. வயிற்றில் இருக்கும் பிள்ளை மூச்சு விடுவதில்லை. ஆகவே நுரையீரலுக்கு அதிக குருதி தேவையில்லை. நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும் ஒரு குறுகிய குழாய் வழியாகக் குருதி குறுக்கே போய்விடுகிறது. பிறந்து முதல் மூச்சு எடுத்த பிறகு அந்தக் குழாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அதுவரை அதைத் திறந்து வைத்திருப்பது இதே புரொஸ்ரகிளாண்டின். கடைசி மூன்று மாதத்தில் தாய் இந்தக் குளிசைகளை எடுத்தால் குழாய் முன்கூட்டியே ஒடுங்கலாம். அப்போது பிள்ளையின் இதயத்திலும் நுரையீரல் நாடியிலும் அழுத்தம் கூடும்.

இந்த இதயக் காரணத்துக்காக, 30ஆம் கிழமைக்குப் பிறகு இவை கூடாது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். சிறுநீரகக் காரணத்தையும் சேர்த்து, 2020 ஒக்ரோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 20ஆம் கிழமையிலிருந்தே தவிர்க்கும்படி அறிவித்தது. வைத்தியரே கட்டாயம் என்று தீர்மானித்தால் மிகக் குறைந்த அளவில், மிகக் குறுகிய காலத்துக்கு, நீரை ஸ்கானில் பார்த்துக்கொண்டு கொடுப்பார். அது அவருடைய தீர்மானம். கடையில் நின்று நானோ நீங்களோ செய்யும் தீர்மானமல்ல.

20ஆம் கிழமைக்கு முன்பு என்றால் பயமில்லையா என்று கேட்பீர்கள். ஆரம்பக் கிழமைகளில் இவற்றை எடுத்தால் கருச்சிதைவு கூடலாம் என்ற சந்தேகத்தைச் சில ஆய்வுகள் எழுப்பியுள்ளன. ஆகவே அப்போதும் தாமாக எடுக்காமல் விடுவதே நல்லது. ஆனால் கர்ப்பம் என்று தெரியாமல் தலையிடிக்கு ஒன்றிரண்டு இபியூபுரூபென் எடுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: அழாதே, நிறுத்து, கிளினிக்கில் சொல்லு. ஒன்றிரண்டு குளிசையால் கேடு வருவது மிக அரிது.

பூசும் மருந்தையும் மறக்கக்கூடாது. டைக்குளோபெனாக் ஜெல்லும், அஸ்பிரினுக்கு உறவான மெதைல் சலிசிலேற் சேர்ந்த தைலங்களும் தோலுக்குள்ளால் குருதிக்குப் போகும். நெற்றியில் ஒரு துளி பூசுவது வேறு. எட்டு மாதக் கர்ப்பிணியின் முதுகு முழுவதும் நாளுக்கு மூன்று தரம் உரஞ்சுவது வேறு. நாட்டு மருந்துதானே, பாதகமில்லை என்று பெயர்ச்சீட்டில்லாத தூளைக் குடிக்கக் கொடுப்பதும் அப்படியே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்துக்குப் பாதுகாப்பானது என்று யாரும் பெயர் சூட்ட முடியாது.

இந்தக் குடும்பத்தில் ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் நான் நன்மைக்குப் பதில் தீமை செய்துவிடுவேன். சில தாய்மாருக்கு வைத்தியரே சிறிய அளவு அஸ்பிரின் எழுதித் தருவார், 75 மில்லிகிராம் தொடக்கம் 150 மில்லிகிராம் வரை. முன்னைய கர்ப்பத்தில் குருதியமுக்கம் கூடியவர்கள், சிறுநீரக நோய் அல்லது நீரிழிவு உள்ளவர்கள் போன்றோருக்கு அது. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள தாய்மாருக்கு 11 முதல் 14ஆம் கிழமைக்குள் தொடங்கி 36ஆம் கிழமை வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 கிழமைக்கு முன் வரும் கர்ப்பகாலக் குருதியமுக்க நோய் 4.3 வீதத்திலிருந்து 1.6 வீதமாகக் குறைந்தது. ஆகவே உங்கள் மகளுக்கு வைத்தியர் அஸ்பிரின் தந்திருந்தால், "கர்ப்பத்தில அஸ்பிரின் கூடாதாம், கூட்டத்தில சொன்னவை" என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். நோவுக்கு எடுக்கும் அஸ்பிரின் வேறு, இந்தச் சின்னக் குளிசை வேறு.

அப்படியென்றால் கர்ப்பிணித் தாய் நோ வந்தால் என்ன செய்வது? நாங்கள் எல்லோரும் அறிந்த பதில்: பனடோல். அதாவது பரசிற்றமோல். கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சகோதரிகள் ரைலனோல் என்றும் அசெற்றமினோபென் என்றும் சொல்வதும் இதையே. பெயர் வேறு, மருந்து ஒன்று.

ஆனால் 2025 செப்ரெம்பருக்குப் பிறகு அந்தப் பதிலையும் நம்பலாமா என்று எல்லோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த மாதம் 22ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி, கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும், அதற்கும் ஒட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்தச் செய்தி பரவிய நாட்களில் என் பெறாமகள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. குரல் நடுங்கியது. "பெரியம்மா, இரண்டு நாளாய்க் காய்ச்சல். 102க்கு மேல. ஒண்டும் போடேல்லை. பிள்ளைக்குக் கூடாதெண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறன்" என்றாள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பரசிற்றமோலும் சூல்வித்தகத்தைக் கடக்கும். அதனால் நீண்டகாலப் பாதிப்பு ஏதும் உண்டா என்று ஆராய்வது நியாயமே. 2021இல் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த விஞ்ஞானிகள், தேவையில்லாமல் எடுக்காதீர்கள், இன்னும் ஆராயுங்கள் என்று ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். சில ஆய்வுகளில், அதை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடையே ஒட்டிசமும் கவனக்குறைபாடும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு தாய் பரசிற்றமோல் எடுப்பது ஏன்? காய்ச்சலுக்கு, தொற்றுக்கு, ஒற்றைத் தலையிடிக்கு. அந்த நோய்களும், அந்தக் குடும்பத்தின் பரம்பரை இயல்புகளும் பிள்ளையைப் பாதிக்கலாம் அல்லவா? பழியை மருந்தின்மேல் போடுவதா, நோயின்மேல் போடுவதா? இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி, ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிடுவது. ஒரு கர்ப்பத்தில் மருந்து எடுத்தாள், மற்றதில் எடுக்கவில்லை. தாய் அதே தாய், வீடு அதே வீடு. சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறக்குறைய 25 இலட்சம் பிள்ளைகளை இப்படி ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவாக ஒப்பிட்டபோது ஒரு சிறு வித்தியாசம் தெரிந்தது. சகோதரங்களை ஒப்பிட்டபோது அது மறைந்துவிட்டது. ஒட்டிசத்திலும் இல்லை, கவனக்குறைபாட்டிலும் இல்லை, அறிவு வளர்ச்சிக் குறைபாட்டிலும் இல்லை. அமெரிக்க அறிவிப்பு வந்த இரண்டு நாட்களுக்குள் உலக சுகாதார நிறுவனமும், அத்தகைய தொடர்பை நிரூபிக்கும் முடிவான சான்று இல்லை என்று அறிவித்தது.

மறுபக்கத்தில், கடும் காய்ச்சல் பிள்ளைக்கு நல்லதல்ல என்பது நாம் அறிந்ததே. ஆரம்பக் கிழமைகளில் உடம்புச் சூடு மிகக் கூடினால் பிள்ளையின் மூளை, முள்ளந்தண்டு உருவாக்கத்தில் குறை வரும் ஆபத்துக் கூடுகிறது. எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் பரசிற்றமோல் மட்டுமே. டைக்குளோபெனாக், இபியூபுரூபென், அஸ்பிரின் எடுத்தால் குருதிக்கசிவு ஆபத்துக் கூடும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் வரை வீட்டில் இருக்கவும் கூடாது. முதல் நாளே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு. அடுத்த தரத்துக்கு இடையில் குறைந்தது 4 முதல் 6 மணித்தியாலம். 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் ஒருபோதும் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்த நிறையுள்ளவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் இன்னும் குறைவாக எடுக்க வேண்டும், கேட்டு எடுங்கள். தடிமன் குளிசைகளிலும் வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் தூள்களிலும் பரசிற்றமோல் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அளவு இரட்டிக்கும், ஈரல் பழுதாகும். தேவையானபோது, தேவையான அளவு, தேவையான நாட்களுக்கு மட்டும். பனடோல் மிட்டாயும் அல்ல, நஞ்சும் அல்ல.

பெறாமகள் அன்றிரவே குளிசையைப் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போனாள். சிறுநீர்த் தொற்று. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் குறைமாதப் பேற்றில் முடிந்திருக்கலாம். பிள்ளைக்காகப் பொறுத்தேன் என்றாள். அந்தப் பொறுமையே பிள்ளைக்கு ஆபத்தாக இருந்தது.

இன்னும் பலமான மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். கோடீன், ட்ரமடோல், மோர்பின் வகை. பிரித்தானியாவில் பரசிற்றமோலும் சிறிதளவு கோடீனும் சேர்ந்த குளிசையை மருந்தகத்தில் துண்டில்லாமல் வாங்கலாம். கர்ப்பகாலத்தில் இவற்றை நீண்டநாள் எடுத்தால், பிறந்த பிள்ளை அந்த மருந்து கிடைக்காமல் நடுங்கும், ஓயாமல் அழும், பால் குடிக்காது. பாலூட்டும் காலத்திலும் கவனம் வேண்டும். சிலருடைய உடம்பு கோடீனை மிக விரைவாக மோர்பினாக மாற்றிவிடும், அது பாலுக்குள் போய்ப் பிள்ளையின் மூச்சை மந்தமாக்கும். 2017இல் அமெரிக்க நிர்வாகம் பாலூட்டும் தாய்மார் கோடீனையும் ட்ரமடோலையும் தவிர்க்க வேண்டும் என்று அறிவித்தது இதனாலேயே. ஒற்றைத் தலையிடிக்கு எர்கொற்றமின் எடுப்பவர்களும், அதைத் தடுக்க வல்புரோவேற் எடுப்பவர்களும் கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே வைத்தியருடன் பேச வேண்டும். எர்கொற்றமின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். வல்புரோவேற் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. வலிப்பு நோய்க்காக எடுப்பவர்கள் மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது. வைத்தியர் சொல்லும் முறைப்படியே மாற்ற வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு கணக்கு மாறிவிடும். இபியூபுரூபெனும் டைக்குளோபெனாக்கும் பாலில் மிகச் சொற்பமே போகின்றன. சத்திரசிகிச்சைப் பேற்றுக்குப் பிறகு வைத்தியசாலையிலேயே டைக்குளோபெனாக் தருவார்கள். நேற்றுவரை கூடாது என்ற மருந்தை இன்று தருகிறார்களே என்று பயப்பட வேண்டாம். குழாயும் நீரும் வயிற்றுக்குள் இருந்த பிள்ளையின் பிரச்சினை.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்காகவே இந்த அழைப்பை ஏற்றேன்.

எங்கள் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி. என் பயிற்சிக் கொப்பியில் பாதி அவளுடைய கணக்குத்தான். தொண்ணூறுகளில், மின்சாரமும் வாகனமும் இல்லாத அந்த நாட்களில், அவளுக்கு முதற் பிள்ளை. எட்டாம் மாதம் முடியும் நேரம். மூன்று நாட்களாகத் தலையிடி. வீட்டில் இருந்த பனடோலைப் போட்டுக்கொண்டாள். போட்டதும் கொஞ்சம் குறையும், பிறகு வரும். கண் மங்கலாக இருக்கிறது என்றாள். விளக்கு வெளிச்சத்தில் தைத்ததால் என்று நினைத்தார்கள். கை, முகம் வீங்கியிருந்தது. கர்ப்பிணிதானே என்றார்கள். மூன்றாம் நாள் இரவு வலிப்பு வந்தது. ஊரடங்கு. விடியும் வரை ஒரு வழியும் இல்லை. பிள்ளை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை.

பனடோல் அவளைக் கொல்லவில்லை. பனடோல் பிள்ளைக்கும் ஒரு கேடும் செய்யவில்லை. ஆனால் உள்ளே ஏறிக்கொண்டிருந்த குருதியமுக்கத்தின் ஒரே எச்சரிக்கையை அது மூன்று நாட்களுக்கு மெல்ல மூடி வைத்தது. ஆகவே மூன்றாவது கேள்வி, "எதற்காக?" என்பது. 20ஆம் கிழமைக்குப் பிறகு விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது கண்ணில் பொறி பறத்தல், வலப்பக்க விலாவுக்குக் கீழ் நோ, திடீரென முகமும் கையும் வீங்குதல், இவற்றில் எது வந்தாலும் குளிசையைத் தேடாதீர்கள். குருதியமுக்கத்தை அளப்பியுங்கள். அன்றே, இரவென்றாலும். அடிவயிறு இறுகி இறுகி நோவதும், இரத்தம் படுவதும், காய்ச்சலோடு நோவதும், பிள்ளையின் துடிப்புக் குறைவதும் அப்படியே. இவை மருந்துக்கடைக்கு வரவேண்டிய நோக்கள் அல்ல.

எங்கள் சங்கத்துக்கு வயது நூறு. இலங்கையின் முதலாவது சுகாதார அலகு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1930களில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30ஐ அண்மித்த எண்ணிக்கை. பெரிய யந்திரங்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து, "பிள்ளை எப்பிடி இருக்கிறாய், என்ன சாப்பிட்டாய், என்ன மருந்து எடுத்தாய்?" என்று கேட்ட குடும்பநல மாதுக்கள் செய்தார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததும் இந்த மண்ணில்தான். தாயின் மொழியில் கேட்டால்தான் தாய் பதில் சொல்வாள் என்று அவருக்கு அன்றே தெரிந்திருந்தது.

நீங்கள் உலகின் எத்தனையோ ஊர்களில் இருக்கிறீர்கள். பலர் அம்மம்மாக்கள், அப்பம்மாக்கள் ஆகிவிட்டீர்கள். மகளின் பேற்றுக்கு விமானம் ஏறும்போது பெட்டிக்குள் சரக்குத்தூளும் மூட்டுநோக் குளிசையும் வைப்பீர்கள். அந்தக் குளிசை உங்களுக்கு மட்டும். மகளின் முதுகுநோவுக்கு வெந்நீர் ஒத்தடமும், இடப்பக்கம் சரிந்து படுக்க முழங்கால்களுக்கிடையில் ஒரு தலையணையும், வீட்டுவேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்வதும் போதும். அதற்கும் குறையாவிட்டால் பரசிற்றமோல். அதற்கும் குறையாவிட்டால் வைத்தியர். நோவைத் தாங்குவது பெண்ணுக்கு அழகு என்று மட்டும் சொல்லாதீர்கள். பேற்றுநோவைக் குறைப்பது தகாது என்று வாதிட்டவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். 1853இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிள்ளையின் பேற்றுக்குக் குளோரபோம் எடுத்தார். அதற்குப் பிறகு அந்த வாதம் எடுபடவில்லை. நோவைத் தணிப்பது தவறல்ல. கேட்காமல் தணிப்பதே தவறு.

அந்த முதுகுநோக் குடும்பத்தர் இன்றும் மருந்து வாங்க வருவார். வாசலில் நின்றே சொல்வார்: "மிஸ், இது எனக்குத்தான்."